பாலைவனத்துப் பண்பலை

கேள்வி: ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே பூர்வகுடி மக்களே நடத்தும் பண்பலை வானொலி ஒன்று உண்டாமே, அது எப்படித் தோன்றியது? (தேனி வாசகி ஒருவர்)

பதில்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலுள்ள ‘8 கின்’ நிலையத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். வடக்கே டார்வினும் தெற்கே அடிலெய்டும் தலைக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, செம்மண் பாலையின் நடுவே தனித்துக் கிடக்கும் ஊர் அது. 1980-இல் ஃப்ரீடா கிளின், ஜான் மக்கம்பா, ஃபிலிப் பாட்டி ஆகியோர் அங்கே மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊடகச் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களுக்கென்று சொந்த அலைவரிசை கிடையாது. பிற நிலையங்களில் கிடைத்த நேரத்தில் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பினார்கள். பாடல்களையும் செய்திகளையும் ஒலிநாடாவில் பதிந்து தொலைதூரக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். 1985-இல் 8 கின் ஒலிக்கத் தொடங்கியது. அந்நாட்டில் பூர்வகுடி மக்களுக்கே உரிமையான முதல் வானொலி நிலையம் இதுதான்.

அந்த ஆண்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆஸ்திரேலியாவின் முதல் உள்நாட்டுத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோளும் 1985-இல்தான் ஏவப்பட்டது. அதுவரை தொலைக்காட்சியே எட்டாத குடியிருப்புகளில் இனி நாள் முழுவதும் ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கும், பிள்ளைகள் அரெர்ன்டே, வார்ல்பிரி, லுரிட்ஜா போன்ற தாய்மொழிகளை மறந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு அவர்கள் கண்ட விடை, வருகிற கருவியைத் தடுப்பதன்று, அதைத் தங்கள் கைக்குக் கொண்டுவருவது. இதே சங்கம் முன்னின்று உருவாக்கிய இம்பார்ஜா தொலைக்காட்சி 1988-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது.

இந்த வானொலியின் நிகழ்ச்சிகளில் என் மனத்தை மிகவும் தொட்டது, ‘கிரீன் புஷ்’ என்ற நேயர் விருப்பம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிறையில் இருப்பவர்கள் வெளியிலுள்ள உறவினருக்காகவும், உறவினர் அவர்களுக்காகவும் பாடல் கேட்பார்கள். பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து சிறைக்கு வந்து பார்க்க வழியில்லாத ஒரு தாய்க்கு, தன் பெயரையும் மகன் பெயரையும் சேர்த்து அறிவிப்பாளர் வாசிப்பதைக் கேட்பதே ஒரு சந்திப்பாகிவிடுகிறது. பண்பலை அலை நேர்க்கோட்டில் செல்வதால் ஒரு கோபுரத்திலிருந்து நெடுந்தொலைவு எட்டாது. அதனால் ஹெர்மன்ஸ்பர்க், சாண்டா தெரசா போன்ற குடியிருப்புகளில் மறு ஒலிபரப்புக் கருவிகளை நிறுவ வேண்டியிருந்தது. இறந்தவரின் பெயரையும் குரலையும் துக்கக் காலத்தில் ஒலிக்கவிடாத வழக்கம் அம்மக்களிடம் இருப்பதால், எந்தப் பழைய பதிவை எப்போது ஒலிபரப்பலாம் என்பதைக்கூட உறவு முறைகளை அறிந்தவர்களே முடிவு செய்ய முடியும்.

கேள்வி: பெயரில் அந்த ‘8’ எதற்கு?

பதில்: ஆஸ்திரேலியாவில் நிலையங்களின் அழைப்புக் குறி மாநிலத்துக்குரிய எண்ணோடு தொடங்கும், வடக்கு ஆட்சிப்பகுதிக்கு உரியது 8. ‘கின்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சுற்றத்தார் என்று பொருள்.