மட்டையும் பந்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: பெண்கள் கிரிக்கெட்டில் தலைசிறந்த ஆல்ரவுண்டர் யார்? ஒரே ஒரு பெயர் சொல்லவும். (பெரம்பூர் வாசகர்)

டெஸ்டா, ஒருநாள் ஆட்டமா, எந்தக் காலம் என்று எதுவும் எழுதாமல் ஒரே பெயர் கேட்டால் எப்படி? டெஸ்ட் என்றால் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன். 11 டெஸ்டில் 860 ரன் சொச்சம், 68 விக்கெட். மட்டை சராசரி 57, பந்துவீச்சு சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 12. இந்தக் காலத்தில் எல்லிஸ் பெர்ரி.

கே: ஒரே டெஸ்டில் சதமும் 10 விக்கெட்டும் முதலில் எடுத்தவர் இயான் போத்தம்தானே? (அடையாறு)

இல்லை. போத்தம் எடுத்தது 1980-இல், மும்பையில். பெட்டி வில்சன் 1958-இலேயே மெல்போர்னில் 100 ரன்னும் 11 விக்கெட்டும் எடுத்துவிட்டார். அதில் ஒரு இன்னிங்ஸில் 7 ரன்னுக்கு 7 விக்கெட். ‘ஆண்களில் முதல்வர்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

கே: லார்ட்ஸில் தீப்தி சர்மா சார்லி டீனை அவுட் ஆக்கியது சரியா? (தி.நகர்)

சரி. தீப்தி பந்து போடும் முன்பே எதிர்முனையில் நின்ற டீன் கோட்டைத் தாண்டிவிட்டார். ரன் அவுட்.

கே: ஸ்நேஹ் ராணாவின் டெஸ்ட் ரன்களைக் கூட்டினால் ஒன்றுமே தேறவில்லை. அவரை ஆல்ரவுண்டர் என்று எழுதுகிறீர்களே? (நங்கநல்லூர்)

இந்தக் கேள்வி வேறு வேறு பெயர் தாங்கி வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை டெஸ்ட் கிடைத்தது என்று பார்க்காமல் மொத்தக் கணக்கைப் பேசாதீர்கள். ஜூலன் கோஸ்வாமி 20 வருடம் இந்தியாவுக்கு ஆடினார். கிடைத்தது 12 டெஸ்ட். நம்ம சென்னைப் பெண் திருஷ் காமினி 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192 அடித்தார். இந்தியப் பெண்கள் அடுத்த டெஸ்ட் ஆடியது 2021 ஜூனில். ஆறரை வருடம்! 192 அடித்தவருக்கு அதன்பிறகு ஒரு டெஸ்ட்கூட வாய்க்கவில்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ராணா கதையும் அதுதான். முழங்கால் காயத்தில் ஐந்து வருடம் போனது. 2021-இல் பிரிஸ்டலில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். அப்பாவை இழந்து சுமார் இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. 4 விக்கெட் எடுத்தார். பிறகு ஃபாலோ ஆனில் (ரன் குறைந்ததால் உடனே மறுபடியும் மட்டை பிடிக்க வைக்கப்பட்டு) தோல்வி கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் தானியா பாட்டியாவுடன் 9-வது விக்கெட்டுக்கு 104 ரன் சேர்த்து, 80 அவுட் ஆகாமல் நின்று டிரா செய்தார். 2024 ஜூனில் சேப்பாக்கம். சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கத்தில் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்தேன்: 77 ரன்னுக்கு 8 விக்கெட், ஆட்டத்தில் மொத்தம் 10. அதற்கு அடுத்த ஒரு வருடத்தில் இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட்கூட இல்லை. கூட்டிப் பார்ப்பதற்கு ரன் எங்கிருந்து வரும்?

கே: 2025 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வான்கடேயில் நடந்ததுதானே? அதில் தீப்தி என்ன செய்தார்? (அம்பத்தூர்)

நவி மும்பையில். எழுதுமுன் ஒரு தடவை சரிபாருங்கள். தீப்தி 58 ரன், 5 விக்கெட். தொடர் முழுக்க 22 விக்கெட், 215 ரன். தொடர் நாயகி அவர்தான்.

கே: என் மகளுக்கு 12 வயது. மட்டை, ஆஃப் ஸ்பின் இரண்டில் ஒன்றை விடச் சொல்கிறார் கோச். (வேளச்சேரி தாய்)

விட வேண்டாம் அம்மா. 16 வயது வரை இரண்டும் போகட்டும். தினமும் எத்தனை பந்து போட்டாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நெட்டில் போடுவதும் கணக்குத்தான். அப்புறம், அவள் கையில் எந்தப் பந்து இருக்கிறது என்று பாருங்கள். ஆண்கள் பந்து 156 கிராமுக்குக் குறையாது. பெண்கள் பந்து ஏறத்தாழ 140 முதல் 150. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைவிடவும் லேசான பந்து விதியிலேயே உண்டு. நான் பார்த்த ஓர் அகாடமியில் எல்லாருக்கும் ஒரே வாளியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு குழந்தையின் இரண்டு விரலும் தையலில் அகலமாக உட்காரவில்லை. பந்து உள்ளங்கைக்குள் இறங்கிவிட்டது. ‘திருப்பு, திருப்பு’ என்று கோச் கத்துகிறார். எதை வைத்துத் திருப்புவாள்? பந்தை மாற்றச் சொல்லுங்கள்.

கே: மகள் வலக்கையில் பந்து போட்டு இடக்கையில் மட்டை பிடிக்கிறாள். மாற்றலாமா? (கொளத்தூர்)

தொடாதீர்கள். தீப்தியும் அப்படித்தான்.