டிராக் டே போக ஆசை. காரில் முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: டர்போ ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடக்கும்போது ஓட்ட ஆசை. ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது), எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) இரண்டில் எதை முதலில் செய்யலாம்?

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

கிண்டல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. என்னிடம் இருப்பது போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர், 110 குதிரைத்திறன். அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆறாவது மாதமே ரீமேப் பண்ணி, எக்ஸாஸ்டும் மாற்றிக்கொண்டு சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போனேன். (அப்பா காலத்து ஆட்களுக்குச் சோழவரம் ஓடுபாதை, நமக்கு இது.) ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். முதல் மூன்று சுற்று சொர்க்கம்.

நான்காவது சுற்றில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். ஈரத்துணியை மிதித்த மாதிரி பெடல் கீழே போனது. மறுபடி மிதித்தேன், தரையில் போய் இடித்தது. அவசரமாகக் கியரைக் குறைத்து, மண்ணில் இறங்கி, ஒருவழியாக நின்றேன். தூசி அடங்கிய பிறகு பார்த்தால், டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் பக்கத்து சீட்டுக்குக் கீழே தலைகுப்புறக் கிடந்தார். எனக்கு அடி இல்லை. காருக்கும் பம்பர் கீறல்தான்.

காரணம் காரில் இல்லை, என்னிடம்தான். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கார் வாங்கும்போது நான் கேட்கவே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. காரும் ஆளும் சேர்ந்து 1,150 கிலோ என்று வையுங்கள். 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்குக் குறைக்கும்போது வருகிற சூட்டில் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதில் பெரும்பங்கு முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டிலும் இறங்குகிறது. ஒரு சுற்றில் இது பல தடவை, அதுவும் ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல். சிட்டியில் எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் இந்தச் சூடு வராது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி 155 டிகிரியோடு நின்றுவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நம் மிதி முழுக்க அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும்.

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் அது வேறு சங்கதி, பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டது. மெத்தென்று இறங்கினால் ஆயில், கெட்டியாக இருந்து நழுவினால் பேட். எதற்குச் செலவு செய்வது என்று இதை வைத்தே முடிவு பண்ணலாம்.

ஆயில் மாற்றுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பகுதி) தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பார், என் காரில் இடது பின்சக்கரம். சக்கரத்தின் பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதுதான் நிப்பிள். அதில் உள்ளே தெரிகிற ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் பழைய தண்ணீர் பாட்டிலில் விடுவார். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். “மிதி தம்பி… பிடிச்சுக்கோ… விட்றாத… சரி, இப்ப விடு.” அவர் நிப்பிளை இறுக்குவதற்குள் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், திட்டும் விழும். முதலில் டிக்காஷன் நிறத்தில் வந்தது, போகப்போகத் தெளிந்த தேன் மாதிரி ஆனது. குமிழி நின்ற பிறகும் அவர் இன்னும் நாலு மிதி கேட்பார். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுகிறேன். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும்.

அடுத்தது பேட். டிராக்கில் அதிகச் சூடு தாங்கும் ரகமாகப் பாருங்கள். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாத குறையாக மெதுவாக ஓட்டி, காற்றில் ஆறவிட்டுத்தான் பிட்டுக்குள் வர வேண்டும். வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, டயருக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுங்கள்.

டயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போது காற்று சரியாக இருந்தது என்ற பேச்சு அங்கே எடுபடாது. டயரில் 5 அல்லது 6 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு, சூடாக இருக்கும்போதே அளந்து நோட்டில் எழுதுங்கள். என்னிடம் இன்னொரு பழைய வித்தை இருக்கிறது. ஸ்கூல் சாக்பீஸால் டயரின் ஓரத்தில், தரையில் படும் பகுதியிலிருந்து பக்கச் சுவர் வரை ஒரு கோடு போடுவேன். நாலு சுற்று கழித்துப் பார்த்தால், கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடிந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. முன்சக்கர டிரைவ் காரில் முன் டயரின் வெளி ஓரம்தான் முதலில் தேயும். கேம்பரை (சக்கரத்தின் சாய்வு) கொஞ்சம் நெகட்டிவ் பக்கம், அதாவது டயரின் மேல்பகுதி உள்பக்கம் சாயும்படி, வைத்தால் ஆயுள் கூடும், ஆனால் அதெல்லாம் ஐந்தாறு டிராக் டே போன பிறகு.

முதல் ஓட்டம் முடிந்ததும் வீல் போல்ட்டை டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி பாருங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடையில் ஏறி மிதித்து இறுக்குவது கணக்கில் சேராது. எஞ்சின் ஆயில் குச்சியில் மேல்கோட்டைத் தொட வேண்டும். மிதியடி, தண்ணீர் பாட்டில், பிள்ளையார் எல்லாம் வெளியே.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு ரோட்டில் போலீஸ் பிடித்தால் வாதாட முடியாது. சாதாரண கார் இன்ஷூரன்ஸில் ரேஸும் வேகச் சோதனையும் விலக்கு. டிராக்கில் இடித்தால் செலவு உங்களுடையது என்று நினைத்துக்கொண்டே போங்கள். நீங்கள் ஒதுக்கிய லட்சத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

என் எக்ஸாஸ்டை விற்றுவிட்டேன். அந்தக் காசில்தான் பேட் வாங்கினேன். ஒன்றே ஒன்று, அந்த மாதிரி பேட் குளிர்ந்திருக்கும்போது கீச்சென்று கத்தும். போன தடவை டிராக்கிலிருந்து திரும்பும்போது பூந்தமல்லி சிக்னலில் அந்தச் சத்தத்தோடு வந்து நின்றேன். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “சார், பிரேக் போயிடுச்சு போல, உடனே மாத்துங்க” என்றார். போன வாரம்தாண்ணே மாத்தினேன் என்று சொன்னால் நம்பவா போகிறார்? சரிண்ணே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.