தோல் நலம்: கருத்த கன்னத்துக்கு பீல் போடலாமா?

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன். வயது 47. விடியற்காலை ஏலத்துக்குப் போனால் மதியம் வரை வெயில்தான். இரண்டு கன்னமும் கருத்து, கண்ணோரம் சுருக்கம் விழுந்துவிட்டது. பார்லரில் 'ஒரே பீல், முகம் பளிச்' என்கிறார்கள். இரண்டு மாதத்தில் மகள் கல்யாணம். போடலாமா?

பதில்: பீல் என்றால் அமிலம் பூசி மேல்தோலை உரியவைப்பது. பார்லரில் வேண்டவே வேண்டாம்மா. இரு கன்னத்திலும் ஒரே மாதிரி கருமை என்றால் மங்காக (முகத்தில் படரும் கருந்திட்டு) இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. முதலில் ஸ்டான்லி மருத்துவமனை தோல் பிரிவில் காட்டுங்கள். மருந்துக்கடையில் வாங்கிப் பூசிய கிரீம் இருந்தால் டியூபையே கையோடு கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் தோல் மெலிந்திருக்கும். அமிலம் ஆழமாக இறங்கிவிடும்.

நம் மாநிறத் தோலில் புண் பட்டால் கருப்பாகத்தான் ஆறும். அதனால் பதமாக, தவணை தவணையாகத்தான் செய்ய வேண்டும். முதல் 3 வாரம் இரவில் டாக்டர் எழுதும் கிரீம், பகலில் சன்ஸ்கிரீன். பிறகு 20 முதல் 35 சதவீத கிளைகாலிக் அமிலம், 2, 3 நிமிடம். தோல் சீராகச் சிவந்ததும் சோடா உப்புக் கரைசலை ஒற்றுவார்கள், நுரைக்கும். நுரை நின்றால் அமிலம் அடங்கிவிட்டது. அதற்கு முன் எங்காவது வெள்ளையாகப் பூத்தால், அங்கே ஆழமாகப் போகிறது; உடனே கரைசலை ஒற்ற வேண்டும். இதைப் பார்க்கத் தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது 2, 3 வாரம் கழித்து. கல்யாணத்துக்குள் இரண்டு தடவைதான் முடியும். முகூர்த்தத்துக்கு 2 வாரம் முன்பே நிறுத்துங்கள். கருமை ஓரளவு குறையும், ஆழமான சுருக்கம் போகாது.

உரியும்போது பிய்க்கக் கூடாது. ப்ளீச், திரெடிங், எலுமிச்சை எதுவும் ஆகாது. பீல் போட்ட பிறகு ஒரு வாரம் கடையைப் பார்க்க வேறு ஆள் இல்லையென்றால் பீலையே தள்ளிப்போடுங்கள். வெயிலில் உட்கார்ந்தால் முன்னைவிடக் கருக்கும். அதன் பிறகும் ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு சன்ஸ்கிரீன், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. மங்குக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது.

கேள்வி: எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன், வயது 55. வலது கன்னத்தில் மட்டும் சுருக்கம் அதிகம். லேசர் செய்யலாமா?

பதில்: வெயிலில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை புற ஊதாக் கதிர் உண்டு. ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுக்கும், யுவிஏ-வை உள்ளே விட்டுவிடும். உங்கள் வலது கன்னத்தின் கொலாஜனை, அதாவது தோலை இறுக்கமாக வைக்கும் புரதத்தை, கரைத்தது அதுதான். ஃப்ராக்ஷனல் சிஓ2 லேசர் ஊசிமுனைத் துளைகளாகப் போட்டு, நடுவே நல்ல தோலை விட்டுவைக்கும். புதுக் கொலாஜன் ஊற 3 முதல் 6 மாதம் ஆகும். காதோரம் சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் கழித்தும் கருக்காவிட்டால் மேலே போகலாம். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமென்றால் சொல்லுங்கள். முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். ஆறாத புண்ணோ வளரும் மச்சமோ அந்தக் கன்னத்தில் இருந்தால், லேசருக்கு முன் அதைச் சோதித்தாக வேண்டும்.