வேலைவாய்ப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முதல் வேலைக்கான பயோடேட்டா மூன்று பக்கம் வந்துவிட்டது. சரியா? (ஈரோடு வாசகி)

ஒரு பக்கம் போதும். தந்தை பெயர், மதம், உறுதிமொழி ஆகியவற்றை நீக்கிவிட்டு, கல்லூரி புராஜெக்டில் உங்கள் கையால் செய்த வேலை எது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

நான்கு ஆண்டு பார்த்த வேலையை விட்டு வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். பழைய பி.எஃப். பணத்தை எடுக்கலாமா? (கோவை)

எடுக்காதீர்கள். அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய நான்கு ஆண்டுகளும் சேர்ந்தே கணக்காகும். 5 ஆண்டு நிறைவதற்குள் எடுத்தால் வரி உண்டு. 10 ஆண்டு சேவை இல்லாவிட்டால் பி.எஃப்.புடன் சேர்ந்த மாத ஓய்வூதியமும் இல்லை. நீங்கள் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிகிரி முடித்திருக்கிறேன். எந்த வேலைக்குப் போகலாம்? (ஊர் இல்லை)

எந்தப் பட்டம், எந்த ஆண்டு முடித்தது, வெளியூர் செல்ல இயலுமா என எதுவுமே சொல்லாத கடிதத்துக்கு யாரால் பதில் எழுத முடியும்? விவரங்களுடன் மீண்டும் எழுதுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டு பணிபுரிய வேண்டும், விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்ட் கேட்கிறார்கள். அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். (திருச்சி)

இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். பாண்ட் எதுவுமே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். பொதுத்துறை வங்கி ஒன்றின் இத்தகைய 2 லட்ச ரூபாய் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. அதேசமயம், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை என்பது உச்ச வரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். ஆகவே பயிற்சி எத்தனை மாதம், அதற்கு எவ்வளவு செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அசல் சான்றிதழை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். சரிபார்ப்பவர் உங்கள் கண்ணெதிரே அசலைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரட்டும். நிறுவனத்தின் கோப்பில் இருக்க வேண்டியது நகல்தான். அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்பவர்களுக்குத் தேவை உங்கள் தகுதிக்கான ஆதாரம் அன்று, நீங்கள் விலகாமல் இருப்பதற்கான பிணை. அது தொலைந்தால் காவல் நிலையச் சான்று, பல்கலைக்கழகக் கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு என அலையப்போவது நீங்கள்தான். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைத் தேதியுடன் எழுத்தில் வாங்குங்கள்.

துபாய் வேலைக்கு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். (ராமநாதபுரம்)

போகாதீர்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் அனைத்தும் எழுத்தில் வரும்வரை பாஸ்போர்ட்டைக் கையை விட்டுத் தராதீர்கள்.

குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா? (திண்டுக்கல்)

கட்டாயம். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.