பௌலிங்குக்குக் கூப்பிட்டால் போம், தம்பி

தம்பி, கோண்டாவிலிலிருந்து ரொறன்ரோ வந்து இன்னும் குளிரே பழகவில்லை, அதற்குள் வேலையிடத்தில் வெள்ளிக்கிழமை பௌலிங்குக்கு, அதுதான் பந்தை உருட்டிக் கட்டைகளை விழுத்தும் ஆட்டத்துக்கு, கூப்பிடுகிறார்கள், விளையாடவும் தெரியாது, இங்கிலீசும் தட்டுத்தடுமாறித்தான், ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாமா என்று கேட்டிருந்தீர். சாட்டெல்லாம் வேண்டாம். போம்.

சொக்ஸ் போட்டுக்கொண்டு போம். சப்பாத்தை அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். பந்து 16 இறாத்தல் வரைக்கும் இருக்கும். பெருமைக்குப் பாரமானதைத் தூக்காமல் 10 இறாத்தல் அளவில் ஒன்றை எடும். கட்டைகள் 60 அடி தள்ளி நிற்கும். பந்து ஓரக் கானுக்குள் போனால் ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், அவர்களுடையதும் போகும். புள்ளிக் கணக்கைத் திரையே பார்த்துக்கொள்ளும்.

வழக்கமான பத்துக் கட்டை இல்லாமல் ஐந்து கட்டை ஆட்டம் என்றால் இன்னும் சுகம். அது ரொறன்ரோவிலேயே பிறந்தது. தோமஸ் றயன் என்பவர் நடத்திய கிளப்பில், பந்து பாரம் என்று வந்தவர்கள் முறைப்பட, 1909 அளவில் பந்தையும் சின்னதாக்கி, கட்டைகளையும் கடைந்து சிறிதாக்கி ஐந்தாகக் குறைத்துவிட்டார். விரல் விட ஓட்டை இல்லை, பந்து கைக்குள் அடங்கும். நடுக்கட்டைக்கு 5, அதற்குப் பக்கத்தில் 3, ஓரத்தில் 2.

நான் பழகியது ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் நிலவறையில். படி இறங்கும்போதே பொரித்த உருளைக்கிழங்கும் ஈரச் சப்பாத்தும் கலந்த மணம் வரும். முன்மேசையில் ஒரு கிழவர், திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு சப்பாத்துக்குள்ளும் ஸ்பிறே அடித்து, அளவு பார்த்துப் பெட்டிக்குள் சொருகுவார். எவ்வளவு சனம் நின்றாலும் அவசரப்படமாட்டார். பகலில் பென்சன்காரரின் லீக். பாட்டிமார் சொந்தப் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து எங்களைத் தோற்கடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள்.

அங்கே எறிவது கொஞ்சநேரம், மிச்சமெல்லாம் இருந்து கதைப்பதுதான். இங்கிலீசு குறைந்தவனுக்கு இதைவிட வசதி வேறில்லை. கதை முட்டுப்படும் நேரம் பார்த்து யாராவது எறிய எழும்புவார்கள். திரும்பி வந்ததும் அந்த எறியைப் பற்றியே தொடங்கலாம். எந்த மெக்கானிக் ஏமாற்றமாட்டான், வரிக் கணக்கை எப்போது கொடுக்க வேண்டும், எந்தப் போர்மனிடம் ஓவர்டைம் கேட்கலாம் என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரியவந்தது. ஊரில் சனசமூக நிலைய வாங்கில் பேப்பர் பார்த்தபடி கிடைத்த சங்கதிகள் மாதிரி.

இப்ப அந்த இடம் இல்லை. பிளாசாவையே இடித்துவிட்டு அடுக்குமாடிக் கொண்டோ எழுப்பிவிட்டார்கள். 60 அடிக்கு மேல் நீளமான பாதை, அதில் ஒரு நேரத்தில் ஐந்தாறு பேர். காணி விலை இப்படி ஏறிய ஊரில் யார்தான் விட்டுவைப்பார்கள்? லீக்குக்கு வந்த கிழடுகளும் குறைந்துபோச்சு. இப்போது இருக்கிறவற்றில் சில, நிற வெளிச்சமும் காதைப் பிளக்கும் பாட்டுமாக இருக்கின்றன, காசும் அதிகம். எனக்குப் பிடிப்பதில்லை, உமக்குப் பிடிக்கலாம்.

அப்புறம், பியர் நீட்டினால் குடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, கோக் போதும். ஆனால் நீரும் ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி நடுவில் வையும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால், கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளும்.