இலவச வக்கீல் எதற்காக வருகிறார்? கேள்வி பதில்

மாவட்டக் கோர்ட் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வக்கீல் தொழில். அதில் பத்தொன்பது வருடம், இலவச வக்கீல் ஏற்பாடு செய்யும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனலிலும் (வக்கீல் பட்டியல்) இருக்கிறேன். இலவச சட்ட உதவி பற்றியும், வக்கீல்கள் அதை எதற்காகச் செய்கிறார்கள் என்பது பற்றியும் கேளுங்கள். கேஸ் நம்பர், எதிராளி பெயர் எதையும் போட வேண்டாம். அப்புறம், யார் கேட்டாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கேள்வி வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

சட்டக்கல்லூரி மாணவி, இறுதியாண்டு: சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விழா மேடைகளில் சீனியர்கள் பேசுகிறார்கள். நான் இன்னும் எதையும் வாங்கவே இல்லையே சார், எதைத் திருப்பிக் கொடுப்பது?

வாங்கப் போகிறீர்கள் அம்மா, பொறுங்கள். பார் கவுன்சிலில் பதிவு செய்கிற அன்றைக்கே வாங்கிவிடுவீர்கள். 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டம், கோர்ட்டில் நின்று வாதாடும் தொழிலை நமக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறது. உங்கள் தெருவில் எவ்வளவு விவரமானவர் இருந்தாலும், நீதிபதி தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய, அடுத்தவருக்காக அவர் வாய் திறக்க முடியாது. பயிற்சி இல்லாதவர் நடுவில் புகுந்து கேஸைக் கெடுத்துவிடக் கூடாதே என்று போட்ட வேலி அது. ஆனால் வேலிக்கு வெளியே நிற்கிறவரிடம் ஃபீஸ் இல்லை என்றால், அவருக்காகப் பேச ஒருத்தரும் கிடையாது என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் பார் கவுன்சில் விதி 46, ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் காசு வாங்காமல் உதவுவது வக்கீலின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது. தன் சக்திக்கு உட்பட்டு என்றும் அதிலேயே இருக்கிறது. எனக்கு இது தர்மமாகத் தெரியவில்லை. நமக்கென்று ஒதுக்கிக் கொடுத்த இடத்துக்கு நாம் கட்டும் வாடகை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பேனலில் சேர்ந்த புதிதில் கிளைச் சிறைக்குப் போனேன். பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, ஜாமீனில் விடக்கூடிய பிரிவுதான். ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு மனிதர் பன்னிரண்டு நாளாக உள்ளே இருந்தார். கல் உடைக்கிற வேலை, கையெல்லாம் வெடிப்பு. ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை வசதி இல்லாதவராகவே கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது. அதைச் சொல்லி மனுப் போடுகிறேன் என்றேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ வேற வக்கீல் வைக்கணுமா சாமி?” என்றார். காசு வாங்காத ஆள் வக்கீலாக இருக்க முடியாது என்று நினைத்துவிட்டார். மறுநாள் வெளியே வந்தார். அவர் கேட்டது மட்டும் இன்னும் என் மனதில் இருக்கிறது.

ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு: யாருக்கெல்லாம் கிடைக்கும்?

1987ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆள்கடத்தலிலோ வெள்ளம், நிலநடுக்கத்திலோ பாதிக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு வருமானக் கணக்கே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வக்கீல் மட்டுமில்லை, கோர்ட் ஃபீஸ், நகல் செலவும் இதில் அடங்கும். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகாவில் வட்டக் குழு. போன் எண் 15100.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: என் கணவர் அரசு ஊழியர், நல்ல சம்பளம். ஜீவனாம்சக் கேஸுக்கு எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். பெண் என்ற ஒரு தகுதி போதும்.

சேலம் வாசகர்: வாடகை, கடமை என்றெல்லாம் அழகாகச் சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் வக்கீல் சங்கம் நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டுப் பத்து பேர் போட்டோவுக்கு நிற்கிறார்கள். பெயர் வாங்கத்தானே இதெல்லாம்?

பாதி சரி. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36. விளம்பரம் வைக்க முடியாத தொழிலில், நோட்டுப் புத்தகம் கொடுக்கும் போட்டோதான் சிலருக்கு விளம்பரம். நோட்டுப் புத்தகம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் எழுதட்டும். ஆனால் அதை மளிகைக்கடைக்காரரும் கொடுக்கலாம். ரிமாண்ட் சமயத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்பதற்கு வக்கீல்தான் வேண்டும். நம்மால் மட்டும் முடிவதைக் கொடுக்காமல் எல்லோராலும் முடிவதைக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது?

அதே சேலம் வாசகர்: நழுவாதீர்கள். சீனியர் அட்வகேட் பட்டத்துக்கு இலவச வழக்குகளுக்கு மார்க் உண்டு என்று படித்தேனே?

உண்டு என்பதை ‘இருந்தது’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். 2017இல் இந்திரா ஜெய்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நூறு மார்க் முறை கொண்டுவந்தது. வாதாடிய தீர்ப்புகளோடு இலவசமாகச் செய்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2025 மே மாதம் அந்த மார்க் முறையையே எடுத்துவிட்டார்கள். அது இருந்த காலத்திலும் சீனியர் பட்டத்துக்கு மனுப் போட்டவர்கள் ஒரு கைப்பிடி. எங்கள் கோர்ட்டில் பேனல் வேலை பார்ப்பவர்களில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மதுரை வழக்கறிஞர்: சேலம்காரருக்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் சேவை மனப்பான்மையோடுதான் வருகிறோம். கொச்சைப்படுத்தாதீர்கள்.

நண்பரே, உங்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எல்லோரும் சேவைக்காக வருவதில்லை. ஜூனியர்கள் பேனலுக்கு வருவது கேஸ் கிடைக்கும், குறுக்கு விசாரணை பழகலாம் என்று. நானும் அப்படித்தான் வந்தேன். சிலர் தங்கள் அப்பா கோர்ட் வராந்தாவில் காத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள். சிலருக்கு நீதிபதி கூப்பிட்டுக் கொடுத்தால் மறுக்க முடியாது. கட்சிக்காரருக்கு, அதாவது கேஸ் கொடுத்தவருக்கு, இதெல்லாம் எதற்கு? வக்கீல் வாய்தாவுக்கு வந்தாரா, கேஸ் கட்டைப் படித்தாரா என்பதுதான் அவருக்குத் தேவை. புனிதமான மனதோடு வந்து கட்டைப் பிரிக்காமலேயே எழுந்து நிற்கிறவரைவிட, அனுபவத்துக்காக வந்து ராத்திரி உட்கார்ந்து படிக்கிற ஜூனியர் மேல். மனப்பான்மையை மட்டும் நம்ப முடியாது என்றுதானே தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2022 திட்டத்தில், குற்ற வழக்குகளுக்கென்று சம்பளம் வாங்கும் முழுநேர வக்கீல்களைப் போட்டார்கள்? அவர்கள் வெளிக் கேஸ் எடுக்கக் கூடாது.

சேலம் வாசகர்: அப்படியானால் பலன் எதிர்பார்க்காமல் செய்தவரே இல்லையா?

இருக்கிறார்கள். 1979இல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல், தண்டனைக் காலத்தையும் தாண்டி அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டு வக்கீல் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு அது. ஏழைக்கு இலவச வக்கீல் என்பது அடிப்படை உரிமையோடு சேர்ந்தது என்று அதில்தான் அழுத்தமாகச் சொன்னார்கள். நம் பக்கம் வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளிடம் ஃபீஸ் வாங்காமல் வாதாடியவர். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் பக்கம் நின்றார், அதே வருடம் ராஜதுரோக வழக்கில் சிறை, சனத்தும் (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) போனது. பிறகு அதைத் திரும்பக் கிடைக்கச் செய்த வாலஸ் துரையின் பெயரைத்தான் மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார். இந்தச் சர்ச்சை இத்தோடு போதும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆட்டோ ஓட்டுநர், திருச்சி: விபத்து கேஸில் ஃபீஸ் வேண்டாம், வருகிற தொகையில் இருபது சதவீதம் கொடு என்கிறார். இதுவும் இலவச உதவியா?

இல்லவே இல்லை. ஜெயித்தால் இவ்வளவு என்று பங்கு பேசுவதைப் பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. வெற்றுத்தாளிலோ, தேதி போடாத செக்கிலோ கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெயர் சொல்லாதவர்: நான் பெண். வருமானம் 6 லட்சம். கிடைக்குமா?

மேலே தஞ்சாவூர் அம்மாவுக்குச் சொன்ன பதில்.

கரூர்: பெண்களுக்கு வருமான வரம்பு எவ்வளவு?

ஐயா, மேலே படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: இலங்கையில் இப்படி ஏதும் உண்டா?

சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. அங்கேயே கேளுங்கள், உங்கள் சட்டம் எனக்குத் தொழில் இல்லை.

நாகர்கோவில்: பேனல் வக்கீல் தனியாகப் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அவர் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆணைக்குழுச் செயலாளர் ஒரு நீதிபதி. அவரிடம் எழுத்தில் கொடுங்கள், வேறு வக்கீல் போடுவார்கள்.

விழுப்புரம்: சார், நீங்கள் சொல்வதற்கு முன்பே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், என் தனி வக்கீலிடம். கட்டைக் கேட்டால் பாக்கி ஃபீஸைக் கொடு என்கிறார்.

பயப்பட வேண்டாம். என்ன தேதியில் எத்தனை தாளில் போட்டீர்கள் என்று குறிப்பிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், நகலும் ரசீதும் பத்திரம். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் வருடம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்காலத்து மாற்ற அவர் சம்மதம் தராவிட்டால் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். திங்கட்கிழமை காலை பத்தரைக்குள் ஆணைக்குழு அலுவலகம் போங்கள். பதினொன்றுக்கு மேல் போனால் கூட்டம் தாங்காது.