திருச்சியில் வீடு: ஸ்ரீரங்கமா, திருவெறும்பூரா?

வணக்கம் சகோதரி. கணவருக்குத் துவாக்குடியில் வேலை, மாமியாருக்கு ஸ்ரீரங்கத்தில் குடியிருக்க ஆசை, உங்களுக்குச் சென்னை ஐடி வேலையை விட மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். துவாக்குடி போகும் வழியிலேயே இருக்கும் காட்டூர் அல்லது திருவெறும்பூர் பக்கம் வீடு பாருங்கள் என்பேன்.

ஸ்ரீரங்கம் அருமையான இடம்தான். ஆனால் அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. துவாக்குடியோ கிழக்குக் கோடி. தினமும் பாலத்தைக் கடந்து, லாரியும் பேருந்தும் நெருக்கும் தஞ்சாவூர் சாலையில் பைக்கில் போய்வந்தால் மனிதர் ஓய்ந்துவிடுவார். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் கோயிலைச் சுற்றி வண்டியை நகர்த்துவதே பெரும்பாடு. மாமியாரை வாரம் ஒருமுறை பெருமாளிடம் கூட்டிப்போங்கள், சத்திரம் பேருந்து நிலையத்தில் மாறினால் போதும்.

வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தொடும். சாயங்காலம் கடல்காற்று வரும் என்ற பேச்சே இல்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு வாடகை குறைவு என்றாலும் வேண்டாம், வயதானவர் தாங்கமாட்டார். மாநகராட்சித் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீர் மட்டும்தானா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் வேலைதான். திருச்சியை ஒட்டிய நவல்பட்டில் தமிழக அரசின் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, ஆனாலும் வாய்ப்புகள் சென்னை அளவுக்கு இல்லை. மாதம் ஓரிரு முறை அலுவலகம் வரச் சொன்னால் சமாளிக்கலாம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் எழும்பூர். வீட்டிலிருந்தே வேலை செய்யும் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு சென்னை வீட்டைக் காலி செய்யுங்கள்.